தாவிகளும் செம்புலப்பெயனீராரும்

வண்ணத்துப்பூச்சி என்றதும் நம் மனத்தில் எழுவது வண்ணம். அந்தப் பெயருக்குப் பொருந்தாத ஒரு பெருங்குடும்பம் வண்ணத்துப்பூச்சிகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மண்ணிறம், காய்ந்த புல்லின் நிறம், பழைய காப்பித்தூளின் நிறம் என்று மங்கலான நிறங்களிலேயே அவை பிறந்து மறைகின்றன. ஆங்கிலத்தில் ஸ்கிப்பர் என்பார்கள். ஓர் இடத்தில் நில்லாமல் தாவித் தாவிப் பறப்பதால் அந்தப் பெயர். இக்கட்டுரையில் அவற்றைத் தாவிகள் என்றே குறிப்பிடுகிறேன். உலகில் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவி இனங்கள் உள்ளன. இந்தியாவின் வண்ணத்துப்பூச்சிகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இவைதாம். எனினும் நம் ஊர்களில் இவற்றைப் பார்க்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் 'ஏதோ அந்துப்பூச்சி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்த ஒன்பது பேரைப் பற்றி எனக்கு அதிக வருத்தமில்லை. பத்தாவது ஆளைப் பற்றியே இக்கட்டுரை. அவர் ஆர்வமுள்ளவர். கையில் கேமராவோ கைபேசியோ வைத்திருப்பவர். படம் எடுத்த மறுநிமிடமே அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று துடிப்பவர். பெயர் கிடைக்காவிட்டால் படமே வீண் என்று எண்ணுபவர். பெயர் தெரியாத ஒன்றைப் பெயர் தெரியாதது என்று எழுதிவைப்பது அறிவுக் குறைவாகாது, அது அறிவின் ஒழுக்கம் என்பதை அவருக்குச் சொல்ல விரும்புகிறேன். தமிழ் படித்தவன் பூச்சியைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் கட்டுரையின் நடுவில் இருக்கிறது.

எல்லாத் தாவிகளும் அடையாளம் காண அரியவை அல்ல. மஞ்சள், இஞ்சிச் செடிகளில் புழுவாக வளரும் 'கிராஸ் டெமன்' பின்சிறகில் பெரிய வெண்திட்டோடு பளிச்சென்று இருக்கும். தென்னை, ஈச்சை போன்ற பனைக் குடும்பத்து மரங்களை நாடும் 'பாம் பாப்' சாம்பல் நிறப் பின்சிறகின் அடிப்புறத்தில் கரும்புள்ளிகளைத் தாங்கியிருக்கும். சாலையோரப் புங்க மரங்களின் தளிர்களில் வளரும் 'பேண்டட் ஆல்' வகைக்குப் பின்சிறகின் அடியில் வெள்ளைப் பட்டை உண்டு. காஞ்சிபுரத்துத் தெருவிலேயே சற்றுப் பொறுமையோடு நின்றால் இவற்றைப் பார்த்துவிடலாம்.

சிக்கல் தொடங்குவது ஸ்விஃப்ட் எனப்படும் கூட்டத்தில். வேகவதிக் கரையிலும் ஏரிக்கரைப் புல்வெளியிலும் நெல்வயல் வரப்பிலும் வெட்டுக்காயப் பூண்டின் சின்னஞ்சிறு பூக்களில் தேன் குடித்துக்கொண்டிருக்கும் மண்ணிறத் தாவிகள் பெரும்பாலும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். முன்சிறகில் சில ஒளி ஊடுருவும் வெண்புள்ளிகள், பின்சிறகில் சில சிறு புள்ளிகள். அவ்வளவுதான் வேறுபாட்டுக்கான மூலப்பொருள்.

இருந்தாலும் அதற்குள்ளேயே ஓர் இலக்கணம் இருக்கிறது. பெலோபிடாஸ் என்ற பேரினத்தில் பின்சிறகின் அடிப்புறப் புள்ளிகள் வில்போல வளைந்து நிற்கும். அந்த வில்லுக்கு உட்புறம், சிறகின் நடு அறையில் தனியாக ஒரு புள்ளி இருக்கும். பர்னாரா பேரினத்தில் புள்ளிகள் ஏறத்தாழ நேர்வரிசையில் அமையும், நடு அறையில் புள்ளி இராது, உணர்கொம்பும் குட்டையானது. போர்போ சின்னாரா என்ற இனத்திலும் பின்சிறகின் நடு அறையில் புள்ளி இராது. முன்சிறகின் மேற்புறத்தில், கீழ் ஓரத்தை ஒட்டி, ஒளி புகாத மஞ்சள் கலந்த ஒரு புள்ளி இருக்கும். பவோரிஸ் ஆணுக்குப் பின்சிறகின் மேல் தூரிகை முனை போன்ற கருமயிர்க் கற்றை உண்டு. கால்டோரிஸ் குமாரா என்ற இனத்துக்கோ பின்சிறகில் புள்ளியே கிடையாது. 1878-இல் அதற்குப் பெயர் வைத்தவர் பிரெடரிக் மூர் என்ற ஆங்கிலேயர். இந்தியப் பூச்சிகளுக்கு வடமொழிப் பெயர்களை அள்ளி வழங்கியவர் அவர். கச்சியப்பர் கந்தபுராணம் அரங்கேற்றிய குமரகோட்டத்து ஊர்க்காரர்கள் அப்பெயரைக் கேட்டால் புன்னகைக்கக்கூடும்.

இதுவரை பேரினம். இனத்துக்குள் இறங்கினால் தரை வழுக்குகிறது. பெலோபிடாஸ் மத்தியாஸ், பெலோபிடாஸ் அக்னா என்று இரண்டு இனங்கள். இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆண்களின் முன்சிறகு மேற்புறத்தில் மணச்செதில்களால் ஆன ஒரு சாய்கோடு உண்டு. அதை முத்திரைக் கோடு என்று கொள்வோம். நடு அறையில் உள்ள இரண்டு புள்ளிகளையும் இணைத்து மனத்தளவில் ஒரு கோடு இழுத்துக் கீழே நீட்டினால், மத்தியாஸில் அது முத்திரைக் கோட்டை வெட்டிச் செல்லும்; அக்னாவில் முனையை ஒட்டியோ விலகியோ போகும். பெண்ணுக்கு முத்திரையே கிடையாது. ஆணேயானாலும் சிறகை மூடி உட்கார்ந்துவிட்டால் முத்திரை தெரியாது. தாவிகள் பெரும்பாலும் சிறகை மூடியே உட்காருகின்றன. ஆக, வரப்பில் எடுத்த ஒரு பக்கவாட்டுப் படத்தைக் கொண்டு இது மத்தியாஸ்தான் என்று அடித்துச் சொல்வது பல நேரங்களில் ஊகமே. பொட்டாந்தஸ் என்ற மஞ்சள்-கருப்புக் கூட்டம் இன்னும் மோசம். அங்கே சிறகு முழுவதையும் பார்த்தாலும் போதாது; ஆண் உறுப்பின் அமைப்பை உருப்பெருக்கியில் பார்த்தால்தான் நிச்சயம் சொல்ல முடியும்.

இந்தத் துறையின் பெரிய பெயர் வில்லியம் ஹாரி எவான்ஸ். பிரிட்டிஷ் இராணுவத்தில் பிரிகேடியர். 1927-இல் இந்திய வண்ணத்துப்பூச்சிகளை அடையாளம் காண ஒரு நூலை வெளியிட்டார். 1949-இல் ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியாவின் தாவிகளுக்கு லண்டன் அருங்காட்சியகச் சேகரிப்பை வைத்து ஒரு பெரும் பட்டியலைத் தந்தார். இன்று நாம் 'புள்ளி வில்லா, நேர்கோடா' என்று கேட்பதெல்லாம் பெருமளவு அவர் வகுத்த வழி. அவர் அதை வகுத்தது குண்டூசியில் குத்திவைத்த ஆயிரக்கணக்கான உடல்களை வைத்து என்பதை மறந்துவிடக் கூடாது. நாவலாசிரியர் நபக்கோவை இவ்விடத்தில் நினைவுகூரலாம். 1940-களில் ஹார்வர்டின் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து, நீல வண்ணத்துப்பூச்சிகளின் பிறப்புறுப்புகளை உருப்பெருக்கியில் ஆராய்ந்தவர் அவர். அவை ஆசியாவிலிருந்து பல அலைகளாக அமெரிக்கா சென்றன என்று 1945-இல் அவர் எழுதிய ஊகத்தை, 2011-இல் மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. நுணுக்கமான விவரங்களைக் கொண்டாடிய எழுத்தாளருக்குக் கிடைத்த தாமதமான பரிசு அது.

இப்போது தமிழ் படித்தவனின் பதிலுக்கு வருகிறேன்.

சங்க இலக்கியத்தில் 2381 பாடல்கள், 473 புலவர்கள், ஆசிரியர் பெயர் தெரியாதவை 102 பாடல்கள் என்பது நாம் வகுப்பில் சொல்லும் கணக்கு. பெயர் தெரியாத பாடல் ஒன்று கையில் கிடைத்தால் என்ன செய்வது? நடையைப் பார்த்து, குறிஞ்சித் திணையைப் பார்த்து, 'இது கபிலர்தான்' என்று எழுதிவிடலாம். கபிலர் பெயரில் ஏற்கெனவே நிறையப் பாடல்கள் உள்ளன. இன்னும் ஒன்று கூடினால் யார் கேட்கப்போகிறார்கள்? தொகுத்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. பாடலுக்குள்ளேயே இருந்த ஒரு தொடரை எடுத்து, அதையே புலவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். இவர் யாரென்று தெரியாது, ஆனால் இவரிடம் நாங்கள் கண்டது இது என்பதே அப்பெயர்களின் பொருள். அறியாமையை மறைக்காமல், கண்டதையும் இழக்காமல் வைத்த பெயர்கள் அவை. அந்தப் பாடல்களை அன்று கபிலர் கணக்கில் எழுதியிருந்தால் இன்று கபிலரைப் பற்றி நாம் சொல்லும் ஒவ்வொன்றும் கொஞ்சம் பொய்யாகியிருக்கும்.

இன்னொன்று. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்களும் கிடைக்கவில்லை. பதிப்புகளில் அந்த எண்கள் காலியாகவே நிற்கின்றன. 1894-இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் சிதைந்த இடங்களைச் சிதைந்தவை என்றே காட்டினார். அவருக்கிருந்த புலமைக்கு இட்டு நிரப்ப முடியாதா என்ன? நிரப்பாமல் விட்டதனால்தான் அவர் அச்சிட்ட மற்ற சொற்களை நம்புகிறோம்.

மறுபுறத்தில் ஔவையார் இருக்கிறார். சங்க கால ஔவையாரையும் ஆத்திசூடி பாடிய ஔவையாரையும் ஒருவராகவே மக்கள் நினைவு வைத்திருக்கிறது. மொழியையும் யாப்பையும் பொருளையும் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் இவர்கள் வேறு வேறு காலத்தவர் என்று பிரித்தார்கள். தாவிகளின் உலகிலும் ஓர் ஔவையார் கதை உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்தில் வாழும் அஸ்ட்ராப்டெஸ் ஃபல்ஜரேட்டர் என்ற தாவிக்கு 1775-இல் பெயர் வைத்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது ஒரே இனம். கோஸ்டா ரிக்காவின் வடமேற்கில் ஜான்ஸென் தலைமையிலான குழு இருபத்தைந்து ஆண்டுகள் அதன் புழுக்களை வளர்த்துப் பார்த்தது. புழுக்களின் நிறம் பலவிதம், தின்னும் செடிகள் பலவிதம். சிறகு முளைத்து வந்தால் மட்டும் எல்லாம் ஒன்றுபோல. 2004-இல் மரபணுக் குறியீட்டு ஆய்வையும் சேர்த்து, அந்தப் பகுதியில் மட்டும் அது குறைந்தது பத்து இனங்கள் என்று அறிவித்தார்கள். 2006-இல் இன்னோர் ஆய்வாளர் அதே தரவுகளை எடுத்து, பத்து என்பது மிகை, மூன்றிலிருந்து ஏழு வரை சொல்லலாம் என்று மறுத்தார். மரபணுவைக் கையில் வைத்திருப்பவர்களே இப்படித் தயங்குகிற இடத்தில், கைபேசிப் படத்தை வைத்திருக்கும் நமக்கு மட்டும் என்ன அவசரம்?

அவசரத்துக்குக் காரணம் இப்போது கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. படத்தைக் காட்டினால் செயலி பெயர் சொல்கிறது. என் மாணவர் ஒருவர் வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரே தாவியை மூன்று கோணங்களில் எடுத்துச் செயலியில் போட்டார். மூன்று பெயர்கள் வந்தன. மூன்றில் அழகாக இருந்த பெயரைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். செயலியைக் குறை சொல்லமாட்டேன். அது 'இதுவாக இருக்கலாம்' என்றுதான் சொல்கிறது. அந்த 'லாம்' நம் கைக்கு வரும்போது உதிர்ந்துவிடுகிறது. ஏவல் வினையையும் வியங்கோளையும் பிரித்துப் படிக்கும் மாணவர்களுக்கு ஐயப்பொருளுக்கும் துணிபொருளுக்கும் உள்ள வேறுபாடு விளங்காமல் போவதுதான் எனக்கு விசித்திரம்.

ஒரு தாவியின் பெயர் தவறானால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள நிலம் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே மனைப்பிரிவுகளும் தொழிற்சாலைகளும் வருகின்றன. பரந்தூரில் விமான நிலையம் அமைக்க 2022-இல் இடம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, இந்த நிலத்தில் என்னென்ன வாழ்கின்றன என்பது பொதுப்பேச்சாகிவிட்டது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி உள்ளாட்சிகள்தோறும் மக்கள் பதிவேடு எழுதப்பட வேண்டும். அத்தகைய பதிவேடுகளுக்கும் ஆய்வறிக்கைகளுக்கும் ஆர்வலர்களின் பட்டியல்கள்தாம் பல இடங்களில் முதல் ஆதாரம். பட்டியலில் அறுபது பெயர்கள் சரியாக இருந்து, இங்கே வாழவே வாய்ப்பில்லாத ஒரு மலைக்காட்டுத் தாவியின் பெயர் ஒன்று நுழைந்துவிட்டால் போதும். பட்டியலை ஏற்க விரும்பாதவர் முதலில் அந்த ஒரு பெயரைத்தான் சுட்டிக்காட்டுவார். அறுபதும் சேர்ந்து விழும். இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் 'அன்று இருந்த இனம் இன்று இல்லையே' என்று கவலைப்பட்டால், அது அழிந்துவிட்டதா, அல்லது அன்றைக்கே இருந்ததில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பட்டு வாங்கத் தெரிந்தவர்கள் புடவையின் மேற்பக்கத்தைப் பார்த்து மயங்குவதில்லை. திருப்பிப் பார்ப்பார்கள். கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவி, கோர்வையா என்று கேட்பார்கள். ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு இழை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்ற கேள்வி வந்தால், அங்கே கண்ணும் விரலும் உதவாது, ஆய்வுக் கருவிதான் சொல்ல வேண்டும் என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்வார்கள். எது கண்ணுக்கு எட்டும், எது கருவிக்கு மட்டும் எட்டும் என்ற அந்த எல்லையறிவு தாவிகளிடத்திலும் நமக்கு வேண்டும்.

எதிர்வாதம் ஒன்றைக் கடந்துபோக முடியாது. எல்லோரும் பேரினத்தோடு நின்றுவிட்டால் இனங்களை யார் பதிவு செய்வது? உறுப்பைப் பார்த்தால்தான் தெரியும் என்றால் பிடித்துக் கொன்றுதானே பார்க்க வேண்டும்? என் கருத்து இது. நம் அறிவு அந்த இறந்த உடல்களின்மேல் நிற்கிறது. அதை அருவருத்து ஒதுக்குவது நன்றி மறத்தல். அனுமதி பெற்ற ஆய்வாளர் தெளிவான ஒரு கேள்வியோடு சில உயிர்களை எடுத்து அருங்காட்சியகத்தில் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நம் படத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்ற ஆசை அத்தகைய கேள்வி ஆகாது. ஆர்வலருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பொறுத்திருந்து சிறகின் இருபுறத்தையும் எடுக்கலாம், உணர்கொம்பை எடுக்கலாம். எந்தப் புல்லில் முட்டையிட்டது என்று பார்க்கலாம். எல்லாவற்றிலும் சிறந்தது புழுவை வளர்த்துப் பார்ப்பது. தாவிப் புழு தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் நெல்லோலையை மடித்துத் தைத்து உள்ளே குடியிருக்கும். பட்டு ஊரில் இருந்துகொண்டு இந்த நெசவை நாம் பார்த்ததில்லை என்பது சற்று வெட்கத்துக்குரியதுதான். கோஸ்டா ரிக்காவில் பத்தைப் பிரித்துக் காட்டியதில் பெரும்பங்கு இந்தப் பொறுமையான புழு வளர்ப்புக்கே உரியது.

தமிழ்ப் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். 2019-இல் தமிழ்நாடு அரசு தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தபின், எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும் என்ற உற்சாகம் பெருகியிருக்கிறது. வரவேற்கிறேன். தாவிகளிடத்தில் மட்டும் சற்று நிதானிக்கலாம். ஆங்கிலப் பெயர்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்து, யாராலும் பிரித்தறிய முடியாத இரண்டு இனங்களுக்கு இரண்டு அழகிய பெயர்கள் சூட்டுவதால் பயன் குறைவு. முதலில் கண்ணால் பிரிக்க முடிந்த கூட்டங்களுக்குப் பெயர் வைப்போம். பெலோபிடாஸை வில்வரிசைத் தாவி என்றும், பர்னாராவை நேர்வரிசைத் தாவி என்றும், பவோரிஸைத் தூரிகைத் தாவி என்றும் சொல்லிப் பாருங்கள். பெயரே அடையாளமும் ஆகிவிடுகிறது. பள்ளிப் பிள்ளை ஒருவன் வரப்பில் நின்று 'வில்வரிசை' என்று சொன்னால் அவன் உண்மையைச் சொல்கிறான். அதற்குமேல் தெரியாது என்பதையும் அதே சொல்லில் சொல்லிவிடுகிறான். செம்புலப்பெயனீரார் என்ற பெயர் செய்யும் வேலையும் இதுதான்.

மத்தியாஸுக்குத் திரும்புகிறேன். அந்த இனத்துக்கு 1798-இல் பெயர் வைத்தவர் லின்னேயஸின் மாணவரான ஃபாப்ரீசியஸ். அவர் விவரித்த பூச்சி கிடைத்த இடம் தரங்கம்பாடி. டேனியர் கோட்டை கட்டி ஆண்ட அந்தக் கடற்கரையிலிருந்து அதிகாரிகளும் மிஷனரிகளும் ஐரோப்பாவுக்குப் பூச்சிகளை அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. இன்று ஆப்பிரிக்காவிலோ ஜப்பானிலோ ஒருவர் ஒரு தாவியைப் பிடித்து இது மத்தியாஸா என்று ஐயுற்றால், அந்த ஐயம் இறுதியில் போய் நிற்க வேண்டிய ஊர் சோழநாட்டுக் கடற்கரை. இருநூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது நம் நெல்வயல்களில் நம் கண்ணெதிரே தாவிக்கொண்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள நாம் எடுத்துக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால், குறிப்பேட்டில் 'பெலோபிடாஸ், இனம் தெரியவில்லை' என்று எழுதி, நாளும் இடமும் புல்லின் பெயரும் குறித்துவைத்து, அடுத்த மழைக்காலம் வரை காத்திருப்பது ஒன்றும் பெரிய தாமதமல்ல.